சின்ன வளையம்

ஸ்லீம் காலையில் எழுந்ததும் காபி வைப்பான், பூனையை வெளியே விடுவான், பிறகு தெருக்கதவின் நான்கு வளையங்களுக்கும் எண்ணெய் தடவுவான். மூன்று வளையங்கள் கொல்லன் அடித்தவை. நான்காவது கதவில் முளைத்தது.

மில்லாஹா ஊரின் பழைய கதவுகளில் மூன்று வளையங்கள் இருக்கும். பெரியது ஆண்கள் தட்ட, நடுவில் உள்ளது பெண்கள் தட்ட, கீழே இருக்கும் சின்னது குழந்தைகள் தட்ட. சத்தத்தை வைத்தே யார் போய்த் திறப்பது என்று வீட்டில் முடிவாகும். பாலைவனம் தாண்டி, கடல் கடந்து போக வரும் தெற்கத்தியருக்கு இடமோ தண்ணீரோ கொடுத்தால் சிறை என்று சட்டம் வந்தபோது, ஸ்லீமின் கதவில் மட்டும் இன்னொரு வளையம் மொட்டுவிட்டு, வளர்ந்து, இரும்பானது. தெற்கத்தியர் அதைத் தட்டும் சத்தம் வீட்டுக்குள் மட்டும் கேட்கும். மனைவி ஷதிலியா போய்த் திறப்பாள். வந்தவர்கள் ரொட்டி தின்று, பின்னறையில் தூங்கிவிட்டுப் போவார்கள்.

ஸ்லீமின் தம்பி லஸ்ஹர் வெள்ளிக்கிழமை தோறும் கூஸ்கூஸ் சாப்பிட வருவான்.

“அண்ணி, சட்டம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?”

“இருக்கட்டும் கொழுந்தனாரே. வரச் சொல்லுங்க, அதுக்கும் ஒரு தட்டு வைக்கிறேன்.”

அவன் சிரித்துக்கொண்டே மீன்தலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அவனுக்குப் படகு உரிமம் வேண்டியிருந்தது; காட்டிக்கொடுத்தால் கிடைக்கும். பெரிய வளையம் தட்டினால் அண்ணன் மெதுவாகத்தான் போவான், அதற்குள் விருந்தாளிகள் மொட்டைமாடி ஏறித் தப்பிவிடுவார்கள் என்று தெரியும். பிள்ளையில்லாத அண்ணி எந்தச் சத்தத்துக்கு யோசிக்காமல் ஓடிவருவாள் என்பதும் தெரியும். ஒரு மத்தியானம், காவலர்கள் சுவரோரம் நிற்க, அவனே குனிந்து தட்டினான்.

ஷதிலியாவையும், பின்னறையில் இருந்த கர்ப்பிணியையும் அவள் புருஷனையும் கொண்டுபோனார்கள். குளிர்காலத்தில் ஷதிலியாவை மூடிய பெட்டியில் திருப்பிக் கொடுத்தார்கள்.

லஸ்ஹருக்கு உரிமம் கிடைத்தது. அன்றுமுதல் அவன் எதைத் தட்டினாலும், கதவோ மேசையோ படகின் விலாவோ, சின்ன வளையத்தின் சத்தம்தான் வருகிறது. முதலில் பெண்கள் ஓடிவந்து திறந்து, அவனைப் பார்த்து மூடினார்கள். இப்போது ஊருக்குப் பழகிவிட்டது. நான்காவது வளையம் தட்டப்பட்டால் ஸ்லீம் திறக்கிறான்.

சட்டத்தைவிட இறைவன் பெரியவன் என்று பிடிபட்டபோது ஷதிலியா முழங்கியதாகக் காபிக்கடையில் சொல்கிறார்கள். கொழுந்தனைச் சபித்தாள் என்றும் சொல்கிறார்கள். வாசலில் லஸ்ஹரைப் பார்த்த பிறகு அவள் வாயே திறக்கவில்லை. அதற்குமுன், கையைத் துடைத்தபடி ஓடும்போது ஸ்லீமிடம் சொன்னதுதான் கடைசி:

“அடுப்பப் பாத்துக்கோங்க, யாரோ பிள்ளை வந்திருக்கு.”