கரண்டில்லாத தீவில் பியூஸ் கேரியர்

விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில் கோணலான பியூஸ் கேரியர்களைக் கழித்துப் போடுவதுதான் கிளமெண்டுக்கு வேலை. அவன் கண்ணில் இதுவரை தேறியது அவன் மட்டுமே. லீவுக்கு ஏரித்தீவில் மீன்பிடிக்கும் பழமலை வீட்டில் தங்கியவன், பாய் குத்துது, குழம்பு காரம், கரண்டே இல்லை என்று முனகித் தீர்த்தான்.

காலையில் பழமலை வலையை உதறினார். கனத்துக்காக அதன் அடியில் வரிசையாகப் பியூஸ் கேரியர்கள்!

"இதெல்லாம் நான் குப்பையில போட்டதாச்சே!"

"அங்கேருந்துதான் மூட்டை கட்டிட்டு வரோம். கோணலா இருந்தாத்தான் கயிறு நழுவாது. இப்பல்லாம் நல்லதும் கலந்து வருதுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி திரௌபதி கத்தினாள்: "எங்க குழம்புல பாக்குற குத்தத்தைக் கம்பெனியில போய் ஒழுங்கா பாருங்க!"