பனியன் முதுகில் ஒரு காலிக் கட்டம்

பனியன் அச்சடிப்பவரின் கடையில் காலை நேரம் என்றால் சாய வாடைதான். எழுத்து பதிந்த வலைச் சட்டத்தைப் பனியன் மேல் வைத்து, சாயத்தை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. அச்சான பனியன்களைக் காயவைத்து, மனைவி மடித்து அடுக்குவாள். வாசலில் யாராவது தலைகாட்டினால் போதும், அவர் கண்ணாலேயே சைகை காட்டுவார். அவள் மடித்ததைப் பாதியில் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்விட வேண்டும்.

காரணம் அவளுடைய வலது கை. சும்மா மடியில் கிடக்கும்போதே நடுங்கும். நடுக்குவாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும், அடியோடு தீர்க்கிற மருந்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அச்சுக்காரர் இதை யார் காதிலும் போடவில்லை. எதிர்க்கடை சலூன்காரர் தினமும் கூடவே நின்று டீ குடிக்கிற மனிதர். அவரிடம்கூட "சத்துக் குறைவு" என்று ஒரு புளுகு. நோய் வந்தது அவளுக்கு, வெட்கம் வந்தது இவருக்கு.

அந்த வாரம் பள்ளி வேன் ஓட்டும் பெண் ஒருத்தி ஒரு பெரிய வேலையோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடைப்பயணமாம், அதில் வருகிறவர்களுக்கெல்லாம் பனியன் அச்சடிக்க வேண்டுமாம். நடக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டுவார்கள். அது நடுக்குவாதத்துக்கு மருந்து தேடுகிற ஆராய்ச்சிக்குப் போகும். அவளுடைய அப்பா அந்த நோயோடு மல்லுக்கட்டித்தான் போய்ச்சேர்ந்தார்.

"நீங்களும் வாங்கண்ணே" என்றாள்.

"நடந்தா தேயுறது செருப்புதாம்மா. எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு."

வேன் கிளம்பியதும் உள்ளறையிலிருந்து மனைவி வந்தாள். "என்னங்க, நானும் போகட்டுமா? கொஞ்ச தூரமாவது நடந்துட்டு வரேனே."

"எதுக்கு? போறவன் வர்றவன் எல்லாம் பார்த்து உச்சுக் கொட்டவா? பேசாம இரு."

அவள் பேசாமல்தான் இருந்தாள். அன்று முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி அச்சுக்காரரின் தொழில் புத்தியைச் சொல்ல வேண்டும். சாயம் பரவியிருக்கிறதா, ஓரம் கோணாமல் இருக்கிறதா என்று பார்ப்பாரே ஒழிய, அச்சடிப்பதை ஒருநாளும் அவர் வாசித்ததில்லை. இந்தப் பனியனின் முதுகில் ஒரு வரியும், அதன் கீழே ஒரு காலிக் கட்டமும் இருந்தன. படம் போட்டுக் கொடுத்தவன் அசந்துவிட்டான் என்று நினைத்தார். சும்மா கிடக்கிற இடத்தை வீணாக்குவானேன்? கடை விளம்பரச் சட்டம் கைவசம் இருந்தது. அத்தனை பனியனிலும் கட்டத்துக்குள் அதை இழுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை வேன்காரப் பெண் வந்து ஒன்றைப் பிரித்துச் சத்தமாக வாசித்தாள். "நான் நடப்பது இவருக்காக: சகலவிதமான அச்சு வேலைகளுக்கும் அணுகவும்!" முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அப்படியே பனியன் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, அவங்கவங்க வீட்டு நோயாளி பேரை எழுதத்தான் அந்தக் கட்டம். இதைப் போட்டுக்கிட்டு நாளைக்கு எப்படிண்ணே நடப்பாங்க?"

அச்சுக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. சைகைக்குக் காத்திராமல் மனைவி வெளியே வந்தாள். "வெட்டுத்துணி மூட்டை மூட்டையா கிடக்கு. கட்டம் அளவுக்கு வெட்டி, பசைத்தாளோட மேல வச்சு, சூட்டு மெஷின்ல ஒட்டிட்டா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

வேன்காரப் பெண்ணின் பார்வை அந்தக் கையில் விழுந்தது. "அண்ணி, எங்க அப்பா கையும் இப்படியேதான் ஆடும்."

"சத்துக் கு…" என்று அச்சுக்காரர் ஆரம்பித்தார்.

"நடுக்குவாதம்தாம்மா" என்றாள் மனைவி. "அதைச் சொல்ல இவருக்குத்தான் வாய் வரல."

பிறகு மூவரும் வேலையில் இறங்கினார்கள். வேன்காரப் பெண் துணி வெட்ட, மனைவி கட்டத்தின் மேல் வைக்க, அவர் மெஷினை அழுத்தினார். கை ஆடி ஒரு துணி கோணியது. அவர் பிடுங்கப் போனார்.

"விடுங்க, கோணினா கோணட்டும்" என்றாள் மனைவி. "ஏங்க, நான் தினமும் முழுங்குற மாத்திரையைக் கண்டுபிடிச்சது யாரு? என்னைத் தெரியாத யாரோ. அவங்க ஆராய்ச்சிக்குக் கைகொடுத்ததும் யாரோதான். நாம மட்டும் முழுங்கிட்டு, வாயைத் தொடச்சுக்கிட்டுப் போயிட்டா எப்படி?"

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அவளை மூடி வைத்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார். கடைசிப் பனியனை ஒட்டி முடித்ததும் பேனாவை எடுத்தார். அதில் ஒட்டிய வெள்ளைத் துணியில் "என் மனைவிக்காக" என்று எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தன் கடையிலிருந்து போகிற எழுத்தை வாசித்தும் பார்த்தார்.

ஞாயிறு காலை கூட்டம் கலகலவென்று அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. மனைவி சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து நடந்தாள். அவரும் அவளுக்கு ஈடாக நடந்தார். சலூன் வாசலைத் தாண்டும்போது துண்டை உதறிக்கொண்டிருந்த சலூன்காரர் அச்சுக்காரரின் முதுகைப் படித்துவிட்டுத் திகைத்தார்.

"என்னண்ணே இது, நடுக்குவாத நடைப்பயணமாச்சே? அண்ணிக்கு சத்துக் குறைவுன்னீங்க?"

அச்சுக்காரர் நின்றார். தெருவே கேட்கிற குரலில் சொன்னார். "பொய் சொன்னேன்ப்பா. அவளுக்கு நடுக்குவாதம். நோயை மூடி மறைச்சா அது வளரத்தான் செய்யும். நாலு பேரு வெளிய வந்து, ஆளுக்குக் கொஞ்சம் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தாத்தான் மருந்து பிறக்கும். இவளுக்குக் கிடைக்கலன்னாலும் நாளைக்கு வேற யாருக்காவது கிடைக்குமே!"

சலூன்காரர் துண்டை நாற்காலியில் போட்டார்.

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே. மாடியில எங்க அண்ணன் இருக்காரு. ஊருக்குப் போயிட்டாருன்னுதானே உங்ககிட்டச் சொல்லி வச்சிருந்தேன்? அவருக்கும் இதேதான். கூட்டிட்டு வரேன்."

அச்சுக்காரரின் மனைவி சிரித்தாள்.

"மெதுவாவே கூட்டிட்டு வாங்க தம்பி. நாங்க ஒண்ணும் ஓடிடமாட்டோம்."