தினமும் வரும் மகள்

லொரைன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே மூன்று தட்டு ஹாம் சாண்ட்விச் தொடுவாரில்லாமல் கிடந்தது. அவளுடைய அப்பா வில்ஃப் ஓல்ட்ராய்டைத் தகனம் செய்துவிட்டுத் தேவாலயக் கூடத்துக்கு வந்த பதினோரு பேரும் தேநீர்க் கோப்பையோடு மழை விடக் காத்திருந்தார்கள். கத்தியைக் கீழே வைத்தால் யாராவது ஆறுதல் சொல்ல வந்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

கத்தி கையில் இருந்தும் டோரீன் வந்தாள். ஹாரோபெக் நகராட்சியில் அவளுக்கு வேலையே காலையில் கதவு தட்டுவதுதான். தனியாக இருக்கும் வயதானவர்கள் எழுந்துவிட்டார்களா, ஏதாவது குடித்தார்களா என்று பார்த்துவிட்டுப் போவாள். அப்பாவின் கதவை ஒன்பது வருடம் தட்டியிருக்கிறாள். ஏப்ரலில் அந்தப் பகுதிக்கு அதை நிறுத்திவிட்டார்கள். நவம்பரில் ஒரு திங்கட்கிழமை அப்பா சமையலறையில் விழுந்தார். புதன்கிழமை பால்காரர்தான் பார்த்தார். காரில் பன்னிரண்டு நிமிடத் தொலைவில் இருந்த லொரைன் ஞாயிறுதோறும் வருகிறவள்.

நிறுத்தினால் பெரிய பாதிப்பு இருக்காது என்று நகராட்சிக்கு எழுதிக் கொடுத்ததும் லொரைன்தான். டோரீனுக்கு அது தெரியாது.

பல்கலைக்கழகத்தில் லொரைனின் வேலை, கணினிக்குள் ஊர் கட்டுவது. ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்க முடியாது. சில நூறு பேரைக் கேட்டு, மக்கள்தொகைக் கணக்கோடு பொருந்தும்வரை அவர்களையே நகலெடுத்து, தெருத் தெருவாகக் குடிவைப்பாள். பிறகு ஓர் உதவியை நிறுத்திப் பார்ப்பாள், எந்தத் தெருவில் யாருக்கு அடி விழுகிறது என்று. அப்பா அதைப் பொம்மை ஊர் என்பார். அந்த ஊரில் தனக்கும் ஒரு வீடு உண்டா, அங்கேயும் முழங்கால் வலிக்குமா என்று ஞாயிறு தவறாமல் கிண்டல் செய்வார்.

டோரீன் ஒரு சாண்ட்விச்சை எடுத்தாள், ஆனால் கடிக்கவில்லை.

"உன்னைப் பத்தி ரொம்பப் பெருமை கண்ணு அவருக்கு. முன்னே ஒரு பொண்ணு நகராட்சிலேருந்து கேள்வித்தாளோட வந்துச்சு. நானும் அங்கதான் இருந்தேன். உங்க மக எப்பெப்ப வருவாங்கன்னு கேட்டுச்சு. மனுஷன் கொஞ்சங்கூட யோசிக்காம தினமும்னுட்டாரு."

"ஏன் அப்படிச் சொன்னாரு?"

"நானும் அதைத்தான் கேட்டேன். என் பொண்ணைப் பத்தி ஊரான் எதுக்குத் தாள்ல மோசமா எழுதணும்னாரு."

லொரைன் கத்தியை வைத்துவிட்டாள்.

நகராட்சி அவளுக்கு அனுப்பிய கேள்வித்தாள்களில் நானூற்றுப் பதினேழாம் எண். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். வயது எண்பத்தொன்று, மனைவி இல்லை, கார் இல்லை, நகராட்சி வீடு, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மகள் தினமும் வருகிறாள். தனியாக வாழும் கிழவர்கள் கேள்விக்காரர்களுக்குக் கதவு திறப்பது அபூர்வம். அதனால் அந்த ஒருவரையே அவள் பொம்மை ஊரின் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் குடிவைத்தாள். இந்த மனிதர் தங்கம் என்று உடன் வேலை செய்கிறவர்களிடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அப்பாவைப் போலவே ஒருவர் என்றுகூட அன்று நினைத்தாள். மகள் தினமும் வருகிறாளே, அப்பாவாக இருக்க வழியில்லை என்று அடுத்த எண்ணுக்குப் போய்விட்டாள்.

அப்பா சொன்ன ஒரு பொய்யால் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் தினமும் ஒரு மகள் வந்துகொண்டிருந்தாள். அதனால்தான் உதவியை நிறுத்திப் பார்த்தபோது அங்கே யாருக்கும் அடி விழவில்லை. அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

அப்பாவின் தெருவில் யார் யார் கதவைத் தட்டுவாய் என்று டோரீனிடம் கேட்டாள். டோரீனுக்கு எல்லாம் மனப்பாடம். ஆறு பெயர் சொன்னாள், முதல் பெயர் எட்னா. அறிக்கை எழுதியது நான்தான் என்று லொரைன் சொன்னபோது டோரீன் கையிலிருந்த சாண்ட்விச்சைத் திரும்பத் தட்டில் வைத்தாள். பிறகு தட்டை அலுமினியத் தாளால் மூடி லொரைனின் கையில் கொடுத்தாள்.

"எட்னா வீட்ல முதல்ல தட்டு. கதவு திறக்க நேரமாகும். போயிடாத."

எட்னாவின் வீடு அப்பாவின் வீட்டிலிருந்து நாலாவது. நேரமாகத்தான் செய்தது. உள்ளே கைத்தடி ஊன்றி வரும் சத்தம் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்தது.

"யாரது?"

"வில்ஃப் பொண்ணு, லொரைன்."

"அட, தினமும் வர்ற பொண்ணா? என் ஜன்னல் பக்கம் வந்து நின்னா உன் பேச்சுதான் அவருக்கு. என்னால தகனத்துக்கு வர முடியல கண்ணு, காலு இப்படி. உள்ள வா, நனையாத."

லொரைன் மறுக்காமல் உள்ளே போனாள். சமையலறையில் தட்டை வைத்துவிட்டு, உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள்.

"எனக்கென்ன குறை? பையன் இருக்கான். தினமும் வந்துடுவான்."

மேசைக்கு இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் எட்னா உட்கார்ந்தாள். மற்றதில் பழைய செய்தித்தாள்கள் முதுகுச் சட்டம்வரை அடுக்கியிருந்தன. அடியில் இருந்தவை மஞ்சளாகியிருந்தன.

லொரைன் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தரையில் வைத்தாள். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.