பர்கண்டிக்கு எத்தனை பேர்

ஜனவரியில் நான் வாடகைக்குப் பதிவு செய்தபோது அது இரண்டு பேர் படுக்கிற வான் வண்டி. மார்ச்சில் நான்கு பேர் படுக்கிற வானாக வளர்ந்தது. மே முடிவதற்குள் ஆறு. அது வளர்ந்ததில் என் பங்கு ஒன்றுமில்லை. என் கணவர் தியாகலிங்கம் தொலைபேசியை எடுத்து, "ஓம், வாங்கோவன்" என்று சொல்வார். நான் கணினியில் போய் வானை மாற்றுவேன்.

பர்கண்டி என்பது பிரான்சில் வைன் செய்கிற ஒரு பகுதி. நாங்கள் இரண்டு பேரும் குடிப்பதில்லை. இதை எங்கள் கோயிலில் மட்டும் ஒன்பது பேர் எனக்கு நினைவுபடுத்திவிட்டார்கள். திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் குடித்தே ஆகவேண்டும் என்று அங்கே சட்டம் ஒன்றும் கிடையாது. விசாரித்துவிட்டேன்.

இந்த ஆசை எனக்கு ஒக்லாந்தின் ஒடாஹுஹுவில் வந்தது. அங்கே ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்கிறேன். முதியோர் இல்லங்களுக்குச் சுத்தமான படுக்கை விரிப்புகளை வானில் கொண்டுபோய் இறக்கி, அழுக்கானவற்றை ஏற்றிக்கொண்டு வருவது என் வேலை. அலுவலக அறைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. ஓகஸ்ட் மாதத்துக்குப் பர்கண்டிப் படம். இரண்டு பக்கமும் வெயிலில் திராட்சைக் கொடிகள், நடுவில் ஒரு வெள்ளை வான், வானுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலிகள் இரண்டு. ஆட்கள் இல்லை. செப்டம்பர் பிறந்ததும் முகாமையாளர் தாளைப் புரட்டினார். நான் திரும்ப ஓகஸ்டுக்குப் புரட்டினேன். எங்கள் சலவை நிலையத்தில் அந்த வருஷம் டிசம்பர் நத்தாரும் ஓகஸ்டில்தான் வந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது கொடிகளை அல்ல. அந்த இரண்டு நாற்காலிகளை.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். போன நவம்பர்வரை நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு வீட்டில் இருந்ததில்லை. கொழும்பில் அவருடைய தாய் தகப்பனும் இரண்டு தங்கச்சிமாரும் கூட இருந்தார்கள். ஒக்லாந்துக்கு வந்து இறங்கிய பதினோராம் நாள் அவருடைய சித்தப்பா மகன் பெட்டியோடு வந்து நின்றான். அன்றிலிருந்து எங்கள் பக்குரங்கா வீட்டின் பின்னறை காலியாக இருந்ததே கிடையாது. அகதி வழக்கு முடியும்வரை இருந்தவர்கள், படிக்க வந்தவர்கள், வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை ஒரு கிழமை என்று சொல்லி மூன்று வருஷம் இருந்தவர்கள். கொரோனாவில் ஊரெல்லாம் தனிமை தாங்காமல் புலம்பியபோது எங்கள் வீட்டில் ஏழு பேர். அவர்களில் ஒருவர் மீதும் எனக்குக் கோபமில்லை. எல்லார் மீதும் சேர்த்துக் கொஞ்சம் இருக்கிறது.

கடைசியாக இருந்தவன் பிருந்தன், அவருடைய அக்கா மகன். போன நவம்பரில் வெஸ்ட்கேட்டில் வீடு வாங்கி, மனைவி கிருசாந்தியைக் கூட்டிக்கொண்டு போனான். எங்கள் மகள் பிரணவி அதற்கு முன்பே வெலிங்டனுக்கு வேலைக்குப் போய்விட்டாள். வீடு காலி. அதனால்தான் ஜனவரியில், வருகிற ஓகஸ்டில் பதினாலு நாளுக்கு, இரண்டு பேருக்கு, ஒரு வான் பதிவு செய்தேன். வீட்டில் இருந்தால் யாராவது வந்துவிடுவார்கள். வானுக்குள் வரமுடியாது என்று நினைத்தேன்.

மார்ச்சில் பாரிசிலிருந்து அவருடைய அண்ணர் தொலைபேசி எடுத்தார். "பிரான்சுக்கு வந்து எங்கடை வீட்டிலை நிக்காமல் ஆரோ ஒருத்தற்றை தோட்டத்துக்கை நிக்கப்போறியோ? சனம் என்ன கதைக்கும்?" என்று சத்தம் போட்டார். இவர் பயந்துபோய், "அப்ப நீங்களும் அண்ணியும் எங்களோடை வாங்கோவன்" என்றார். நான் போய் வானை மாற்றினேன்.

மே மாதம் பிருந்தனும் கிருசாந்தியும் சாப்பிட வந்தார்கள். "நீங்கள் லக்கி மாமா, நாங்களும் ஒருக்கா ஃபிரான்ஸ் பாக்கவேணும்" என்று பிருந்தன் பேச்சுக்குச் சொன்னான். யாராவது பேச்சுக்குச் சொன்னால் இவர் விடமாட்டார். பின்னறையிலிருந்து போனவன் ஆறே மாதத்தில் வானின் பின்பக்கத்துக்கு வந்து சேர்ந்தான்.

அன்றிரவு பாத்திரம் கழுவிவிட்டு வந்து அவரிடம் கேட்டேன். "நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் எண்டுதானே இருந்தது?"

"சனம் இருந்தாத்தானே கலகலப்பு" என்று சொல்லி அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. இந்த மனிசனுக்கு என்னோடு தனியாக இருக்க விருப்பமில்லை. இருபத்தெட்டு வருஷமாகப் பின்னறை நிறைந்திருந்தது தற்செயலாக அல்ல. எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குப் பதிலாக அடுப்பை இன்னொரு தடவை துடைத்தேன்.

பிரணவியிடம் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா, ஜஸ்ட் டெல் ஹிம் நோ. யூ ஆர் அலவ்ட்" என்றாள். பாப்பம் என்றேன். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாமே இரண்டு வசனத்தில் முடிந்துவிடுகிறது.

ஜூனில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு கூட்டம் நடந்தது. அண்ணர் பாரிசிலிருந்து ஐபாட் வழியாகத் தலைமை தாங்கினார். ரைஸ் குக்கர் கொண்டுபோவதென்று முடிவானது. மிளகாய்த் தூள் அண்ணி வறுத்து இடிப்பதென்று முடிவானது. பெண்கள் மூவரும் பின்னால், ஆண்கள் மூவரும் முன்னால் மேல்தட்டில் படுப்பதென்று முடிவானது. அதாவது, என் கணவரோடு பிரான்ஸ் போய் நான் அவருடைய அண்ணியோடு படுப்பேன்.

யார் ஓட்டுவது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த வானுக்குக் கியர் மாற்றி ஓட்டவேண்டும். அண்ணர் முப்பத்தைந்து வருஷமாக மெட்ரோவில் போகிறவர். பிருந்தனுக்கு ஓட்டோமற்றிக் மட்டுந்தான் தெரியும். இவர் இரண்டாயிரத்து மூன்றில் ஒரு தடவை முயற்சி செய்தார், பக்கத்து வீட்டு வேலியை நாங்கள் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். கூட்டங்களில் தேத்தண்ணி யார் போடுவது என்று கேட்பதில்லை. இதையும் கேட்கவில்லை.

ஜூலையில் ஒத்திகை. இது அவருடைய யோசனை. ஆறு பேர் படுக்கிற வான் ஒன்றை ஒரு சனி ஞாயிறுக்கு இங்கேயே வாடகைக்கு எடுத்து, வெஸ்ட்கேட்டில் பிருந்தனையும் கிருசாந்தியையும் ஏற்றிக்கொண்டு, கும்யூப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றிப் பழகுவது. பிரான்சில் கோடை என்றால் இங்கே குளிர்காலம், கொடிகளில் ஓர் இலைகூட இருக்காது என்று சொன்னேன். "வான் பழகத்தானே போறம், இலை எதுக்கு?" என்றார். கடைக்குப் போய் மடக்கு நாற்காலிகளும் வாங்கி வந்தார். ஆறு.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வானை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது நல்ல மழை. நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் இருந்து ஆட்களுக்கு எடுத்துப் பேசிக்கொண்டே வந்தார். வெஸ்ட்கேட்டை நெருங்கும்போது பிருந்தன் எடுத்தான்.

"மாமா, சொறி. கிருசாந்திக்குக் காய்ச்சல். நாங்கள் வரேல்லை."

நான் வெஸ்ட்கேட் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில் ஓரமாக வானை நிறுத்தினேன். கூரையில் மழை கொட்டியது. ஆறு பேர் வானில் நாங்கள் இரண்டு பேர். இவர் தொலைபேசியை எடுத்து எங்கள் தெருவில் இருக்கிற கோயம்புத்தூர்க்காரர் பழனிவேலுக்கு அடித்தார். ஸ்பீக்கரில் கேட்டது.

"இந்த மழையிலயா சார்? பசங்களுக்கு ஸ்விம்மிங் கிளாஸ் இருக்கே. இன்னொரு நாள் பாக்கலாம் சார்."

அடுத்ததாகக் கோயில் தலைவருக்கு அடித்தார். அவர் எடுக்கவில்லை. மூன்றாவதாக யாருடைய பெயரையோ தேடினார். நான் எஞ்சினை நிறுத்தி, வான் திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"போனை வையுங்கோ."

வைத்தார்.

"என்னோடை தனிய இருக்க உங்களுக்கு என்ன கஷ்டம்? அதை மட்டும் சொல்லுங்கோ. நான் கத்தமாட்டன்."

அவர் மழையைப் பார்த்தார். அவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுக்கிறவர். மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்று நாள் முழுதும் மூன்று சொல்லில் பிழைப்பு நடத்துகிறவர். அவர் பிடித்திருந்த மூச்சை விடும்வரை காத்திருந்தேன்.

"கஷ்டமில்லை" என்றார். "பயம்."

"என்ன பயம்?"

"பதினாலு நாள். நாங்கள் ரெண்டு பேர். நான் உம்மோடை என்னத்தைக் கதைக்கிறது?" என்று கேட்டார். "இவ்வளவு காலமும் ஆராவது இருந்தாங்கள், கதை நடந்துது. இப்ப வீட்டிலை சத்தமே இல்லை. ரெண்டு நாளிலை நான் ஒரு விசயமும் இல்லாத மனிசன் எண்டு உமக்குத் தெரிஞ்சுபோடும். பிறகு பன்ரண்டு நாள் கிடக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டைத் துண்டை எடுத்துத் தந்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் தேதி எழுதிக் கொடுக்கிற அட்டை. அதன் பின்பக்கத்தில் அவருடைய சின்ன எழுத்து. முதலாவது, மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலி. அடுத்தது, பிரணவியின் வேலை. அதற்குக் கீழே, பின்வளவில் வருகிற பூனை. மூன்றும் வெட்டப்பட்டிருந்தன.

"இது என்ன?"

"உம்மோடை கதைக்க எழுதி வச்சது. வெட்டினது கதைச்சு முடிஞ்சுது."

எனக்கு ஒரு திங்கட்கிழமை நினைவு வந்தது. வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று, "பீலிக்குள்ளை இலை அடைச்சுக் கிடக்கு" என்றார். நான் திரும்பிப் பார்க்காமல், "ஆளைப் பிடிச்சு எடுப்பியுங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். பூனைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவேயில்லை. சொல்லியிருக்கவும் மாட்டேன். நாள் முழுதும் மற்றவர்களின் எலும்புகளுக்கு நடுவில் யோசித்து யோசித்து ஒரு பூனையைக் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. பாவமாகவும் இருந்தது. இவ்வளவு காலமும் பூட்டின கதவுக்கு வெளியே நிற்பது நான் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

அட்டையின் கடைசியில் வெட்டாமல் ஒன்று இருந்தது: ஏன் பர்கண்டி எண்டு கேக்கவேணும்.

"இதை ஏன் கேக்கேல்லை?"

"அது பெரிசு. பிரான்சிலை கேப்பமெண்டு வச்சிருந்தனான்."

"இப்ப கேளுங்கோ."

அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, ஆஸ்பத்திரியில் பெயர் கேட்கிற மாதிரி, "ஏன் பர்கண்டி?" என்றார்.

நான் கலண்டரைப் பற்றிச் சொன்னேன். ஓகஸ்டைப் புரட்டவிடாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். இரண்டு நாற்காலிகளைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து வானின் பின்பக்கம் போய், சுவரோடு சாய்த்து வைத்திருந்த ஆறு நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து போனை எடுத்தார். பாரிசில் எத்தனை மணி என்று அவர் யோசிக்கவில்லை.

"அண்ணை, நான் தியாகு. இல்லை, ஒருத்தரும் சாகேல்லை. அண்ணை, நீங்கள் வானிலை வரவேண்டாம்."

அந்தப் பக்கம் சத்தம் எழுந்தது.

"இல்லை அண்ணை. இல்லை. நாங்கள் ரெண்டு பேரும்தான் போறம்." பிறகு ஒரு நீண்ட சத்தம். பிறகு இவர், "இல்லை" என்றார்.

இருபத்தெட்டு வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து, அதுவும் தன் அண்ணரிடம், நான் கேட்டதில்லை. அவர் போனை வைத்தார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். கார் நிறுத்துமிடத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியோடு போனாள். எங்களைப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அண்ணர் அதற்குப் பிறகு எங்களோடு கதைப்பதில்லை. இரண்டு கிலோ மிளகாய்த் தூள் ஏற்கெனவே இடித்தாகிவிட்டது என்று அண்ணி மட்டும் ஒரு செய்தி அனுப்பினார். பிருந்தனைக் கேட்டபோது, கிருசாந்திக்கு அன்றைக்குக் காய்ச்சலே இல்லை என்று ஒத்துக்கொண்டான். எங்களோடு பதினாலு நாள் வானில் இருக்கமுடியாது என்று அவள் ஜூனிலேயே சொல்லிவிட்டாளாம்.

வீட்டுக்கு வந்ததும் கணினியில் வானை மாற்றப் போனேன். இரண்டு பேர் வான்கள் ஓகஸ்டுக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆறு பேர் வானிலேயே போகிறோம். நான் ஓட்டுவேன். அவர் இடது, வலது சொல்லுவார். இரண்டும் பிழையாய்ப் போனால் கதைக்க ஒரு விஷயம் கிடைக்கும்.

நாங்கள் புறப்பட இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அவருடைய அட்டை நிறைந்து இப்போது இரண்டாவது அட்டை நடக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. விரிப்பு இறக்கிவிட்டு வானில் இருக்கும்போது, சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நாளுக்கு ஒன்று என்று பதினாலு விஷயம். பதினாலாம் நாளுக்கு எழுதியது, எனக்கும் அதே பயந்தான் என்பது.