இன்று யாரும் பேசவில்லை

"கடைசியா எப்போ நல்லாப் பேசினார்?" என்று டாக்டர் கேட்டபோது என் மாமனார் வாய் ஒரு பக்கம் கோணி, வலது கையும் காலும் அசையாமல் கிடந்தார். மூளையில் ரத்தக்கட்டு. அதைக் கரைக்க ஊசி இருக்கிறதாம். அடைப்பு விழுந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தாமதமாகப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளையே கொண்டுபோய்விடுமாம்.

"மதியம் மூணு மணிக்குப் பேசினேன் டாக்டர். நல்லாத்தான் இருந்தார்" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவும் மகனும் பேசி இரண்டு வருடமாகிறது. இவர் நஷ்டப்பட்டுக் கடையை இழுத்து மூடிய அன்று மாமா, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவ்வளவுதான், இரண்டு பேரும் உம்மணாமூஞ்சியாகிவிட்டார்கள். ஒரே வீடு, நடுவில் தபால்காரியாக நான். "அவன் உருப்பட மாட்டான்னு சொல்லு" என்பார் மாமா. நான் போய், "உடம்பைப் பாத்துக்கச் சொன்னார்" என்பேன். "அவருக்கு வேற வேலையில்லையான்னு கேளு" என்பார் இவர். "சாப்பிட்டீங்களான்னு கேட்டார், மாமா" என்பேன். வாய் கூசாமல் பொய் சொல்லித்தான் குடும்பம் ஓடியது. முந்தின இரவு எனக்கே அலுத்துப்போய், "இனிமே நீங்களாச்சு, உங்க புள்ளையாச்சு" என்று மாமாவிடம் வெடித்துவிட்டேன். காலையில் அவர் அறை வாசலில் டீயை ணங்கென்று வைத்துவிட்டு முகத்தைக்கூடப் பார்க்காமல் வந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே டம்ளர் விழுந்தது. கோபத்தில் விட்டெறிகிறார், எறியட்டும் என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் விளக்குப் போடப் போனபோதுதான் அவர் விழுந்து கிடப்பதைப் பார்த்தேன்.

டாக்டர் ஊசியை எடுக்கச் சொன்னார். வாயைத் திறக்காதே என்று இவர் கண்ணாலேயே கெஞ்சினார். பெற்ற அப்பாவோடு பேசுவதில்லை என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது! அந்த வெட்கத்துக்காக ஒரு உயிரோடு விளையாடுவதா?

"இல்ல டாக்டர். இவர் பேசலை. நானும் பேசலை. இன்னைக்கு யாருமே அவர்கூடப் பேசலை. நேத்து ராத்திரி பேசினதுதான் கடைசி."

நர்ஸ் ஊசியைக் கீழே வைத்தாள். "அப்போ இதைப் போட முடியாதும்மா" என்றார் டாக்டர். திட்டியிருந்தால்கூடத் தேவலை. காலையில் "மாமா, டீ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! "வைம்மா" என்றிருப்பார், டம்ளர் விழுந்ததும் ஓடிப்போய்ப் பார்த்திருப்பேன்; இல்லை, சொல்ல முடியாமல் திணறியிருப்பார். இரண்டில் எதுவானாலும் அப்போதே தெரிந்திருக்கும். பாவி, அந்த ஒரு வார்த்தையைப் போய் மிச்சம் பிடித்தேன்.

மூன்றாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எங்கள் இருவரையும் ஒன்றாகப் போக விட்டார்கள். மாமாவுக்கு நினைவு வந்திருந்தது, பேச்சு வரவில்லை. இவர் கால்மாட்டில் நின்றபடி என்னிடம், "எப்படி இருக்குன்னு கேளு" என்றார். பழக்கம்! கேட்டேன். மாமாவின் உதடு இழுத்துக்கொண்டது. தெளிவில்லாமல் ஏதோ ஒலி வந்தது. அவர் என்னைத்தான் பார்த்தார், போய்ச் சொல் என்பது போல.

"என்ன சொல்றார்?"

வழக்கம்போல நல்லதாக ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. இந்த முறை சொல்ல மனசு வரவில்லை.

"எனக்குப் புரியலைங்க. நீங்களே கேளுங்க."

இவர் கட்டிலைச் சுற்றி வந்து, குழாய்களில் கை படாமல் குனிந்து, அப்பாவின் வாயருகே காதைக் கொண்டுபோனார். மாமா முதலிலிருந்து ஆரம்பித்தார்.