சுரண்டிய இடம்

மேலப்பாளையத்திலிருந்து பியானோ ஏற்றிய வண்டி பாக்கியசீலன் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றுதான், சென்னப்பட்டணத்தின்மேல் ஜெர்மன் கப்பல் குண்டு போட்ட செய்தி பாளையங்கோட்டைக்கு எட்டியது. சாக்கும் வைக்கோலும் சுற்றியிருந்த அந்தக் கனத்தை ஆறு பேர் சேர்ந்து இறக்கிக்கொண்டிருந்தபோது, தெருக்கோடியில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்க் கிடங்கு எரிகிறதாம். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறுகிறார்களாம். பாக்கியசீலனுக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. வாசல் நிலையில் இடிக்காமல் உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்பதுதான் அப்போது அவன் கவலை.

அவன் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. சித்திரை முடிவில், சண்டை வரும் என்று யாரும் நினைக்காத நேரத்தில், மேலப்பாளையத்தில் பட்டறை வைத்து சர்ச் ஆர்மோனியங்களைப் பழுது பார்க்கும் பீர் மைதீன்தான் வந்து சொன்னான். தூத்துக்குடியில் ஒரு ஜெர்மன் வியாபாரி ஊருக்குப் போகிறார், அவர் வீட்டுப் பியானோ கடல் காற்றில் கெட்டுக் கிடக்கிறது, கேட்டால் கொடுத்துவிடுவார் என்று. பாக்கியசீலன் போய்ப் பார்த்தான். கம்பிகள் துருவேறியிருந்தன. கம்பியைத் தட்டும் சுத்தியல்களில் சுற்றியிருந்த கம்பளியைப் பூச்சி அரித்திருந்தது. அமுக்கிய கட்டை மேலே வரவில்லை.

"ஒடம்பு நல்ல ஒடம்பு ஐயா. உள்ளதான் கெட்டுப்போயி கெடக்கு. நாலு மாசம் குடுங்க, பேச வச்சிருதேன்" என்றான் பீர் மைதீன்.

பேச வச்சிருதேன் என்ற அந்தச் சொல்லில்தான் பாக்கியசீலன் விழுந்தான். இரண்டு வருஷத்துக்கு முன், நான்கு வயது மகளைக் காய்ச்சல் கொண்டுபோனதிலிருந்து அவன் மனைவி சாலோமி பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்வாள். சமைப்பாள், பெருக்குவாள், விளக்கேற்றுவாள். தெரு வாசலைத் தாண்டியதில்லை. கோவிலுக்குக்கூடப் போகவில்லை. பாதிரி ஐயர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். போர்டிங் ஸ்கூலில் படித்தபோது வெள்ளைக்கார அம்மாவிடம் அவள் பியானோ கற்றிருந்தாள். அவளை அவன் முதலில் பார்த்ததே பள்ளிக்கூட விழாவில், அவள் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான். அன்றைக்கு அவள் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதம் அவன் நினைவை விட்டுப் போனதே இல்லை.

பியானோ வந்த மறுநாள் பீர் மைதீன் சுருதி சேர்க்க வந்தான். வண்டியில் குலுங்கி வந்ததில் கம்பிகளெல்லாம் சுருதி இறங்கியிருந்தன. ஒரு கம்பியை முறுக்குவான், கட்டையைத் தட்டுவான், தலையைச் சாய்த்துக் கேட்பான். மதியம் வரை அதுவே நடந்தது. பாக்கியசீலன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அடுக்களை வாசலில் சாலோமி முறத்தோடு நின்றிருந்தது அவனுக்குத் தெரியாது.

"அது இன்னும் கொஞ்சம் ஏறணும் மேஸ்திரி" என்று குரல் கேட்டது.

பீர் மைதீன் திரும்பிப் பார்க்காமல், கைச்சாவியை மயிரிழை அளவு திருப்பித் தட்டினான்.

"இப்போ?"

"இப்போ சரி."

சாயங்காலம் வரை அவள் பீர் மைதீன் பக்கத்திலேயே நின்றாள். அவன் தட்டினான், அவள் சொன்னாள். இரண்டு வருஷத்தில் பேசாத பேச்சை ஒரு பகலில் பேசினாள். பாக்கியசீலன் எழுந்து கொல்லைப்புறம் போய், கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றான்.

அதன்பின் தினமும் சாயங்காலம் வாசித்தாள். முதலில் தப்பும் தவறுமாக, பிறகு பையப் பைய விரல் இளகிற்று. தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'அடுத்த வாரம் கோவிலுக்குப் போவோமா?' என்று அவளே கேட்டாள்.

அந்த அடுத்த வாரத்துக்குள் ஆபீஸில் பேச்சு வந்துவிட்டது. "என்னவே, ஒம்ம வீட்டுல ஜெர்மன்காரன் பெட்டியாமே?" என்று மேலதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார். பாக்கியசீலனும் சிரித்தான். பியானோவின் முன்பக்க மூடியின் நடுவில், செய்த ஜெர்மன்காரன் பெயரும் ஊரும் பொன்னெழுத்தில் இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. அன்று வீட்டுக்கு வந்ததும் அவன் கண் அதில்தான் போய் நின்றது. நான்கு நாள் கழித்து ஆபீஸுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. இன்ன குமாஸ்தா வீட்டில் எதிரியின் வாத்தியம் இருக்கிறது, சாயங்காலம் வாசிக்கிற பாட்டில் ஏதோ சங்கேதம் இருக்கிறது என்று. மேலதிகாரி அதை அவனிடம் காட்டிவிட்டு மேஜைக்குள் வைத்துக்கொண்டார். இந்த முறை சிரிக்கவில்லை. எழுதியது யார் என்று பாக்கியசீலன் யோசித்து யோசித்துப் பார்த்தான். தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொரு முகமும் எழுதியிருக்கக்கூடிய முகமாகத் தெரிந்தது.

அவன் பீர் மைதீனை வரச்சொன்னான்.

"இந்த எழுத்த சுரண்டி எடுத்திரும் சாயபு."

பீர் மைதீன் எழுத்தைத் தடவிப் பார்த்தான். "எடுக்கலாம் ஐயா. ஆனா எடுத்த எடம் தெரியும். புது வார்னிசு பழசோட சேராது. இருக்கது இருந்துட்டுப் போகட்டுமே."

"சொன்னதச் செய்யும்."

அவன் செய்தான். சாலோமி சுவரோரம் நின்று, கீழே விரித்திருந்த துண்டில் பொன்தூள் உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பீர் மைதீன் சொன்னது போலவே ஆயிற்று. கருமரத்தின் நடுவே, உள்ளங்கை அகலத்தில் ஓர் இடம் மட்டும் வேறாகப் பளபளத்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. துருக்கி ராஜா ஜெர்மன்காரனோடு சேர்ந்துவிட்டான் என்று செய்தி வந்து, சாயபுமார் பேரிலும் சர்க்காருக்குச் சந்தேகம் விழுந்த வாரத்தில், ஒரு காலையில் போலீஸ் இன்ஸ்பெக்டர் இரண்டு சேவகர்களோடு வந்தார். ஈரச் செருப்போடு உள்ளே வந்து, பியானோவின் மேல்மூடியைத் திறக்கச் சொன்னார். சேவகன் ஒருவன் தடியை உள்ளே விட்டுக் கம்பிகளுக்குள் துழாவினான். பியானோ அடிவயிற்றிலிருந்து உறுமிற்று. உள்ளே ஒன்றும் இல்லை. மூடச் சொல்லிவிட்டுத் திரும்பப் போனவர், முன்பக்கம் பார்த்து நின்றார். அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்னது? இத யாரு சுரண்டுனது?"

பாக்கியசீலன் குனிந்து, தரையில் பதிந்திருந்த ஈரச் செருப்புத் தடத்தைப் பார்த்தான்.

"ஒம்மத்தான் கேக்கேன் வே. மறைக்கதுக்கு ஒண்ணும் இல்லைன்னா எதுக்குச் சுரண்டணும்?"

"அது... ரிப்பேர் பண்ணுன சாயபு செஞ்சது. எனக்குத் தெரியாது. வரும்போதே அப்பிடித்தான் இருந்துச்சு."

"எந்தச் சாயபு? மேலப்பாளையமா? அவம்தான தூத்துக்குடிக்குப் போயி ஜெர்மன்காரங்கிட்டப் பேசுனது?"

"ஆமா."

இன்ஸ்பெக்டர் சின்ன நோட்டில் பெயரை எழுதிக்கொண்டார். அடுக்களை வாசலில் சாலோமி நின்றிருந்தாள். அவள் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று தெரிந்தும், அந்தப் பக்கம் திரும்ப அவனால் முடியவில்லை.

அன்று மதியமே பீர் மைதீனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சண்டைக்காலச் சட்டமாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்திருக்கலாமாம். இன்றைக்கு விட்டுவிடுவார்கள், நாளைக்கு விட்டுவிடுவார்கள் என்று பாக்கியசீலன் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். சாலோமி பியானோ பக்கம் போகவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். சமைத்தாள், பெருக்கினாள், விளக்கேற்றினாள். நான்காம் நாள் காலை, அன்று பியானோவைக் கொண்டுவந்த வண்டிக்காரன் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். "மேஸ்திரிய ரொம்ப அடிக்காவளாம் ஐயா. அவரு பொஞ்சாதி டேசன் வாசல்லயே கெடக்கா."

சாலோமி உள்ளே போனாள். வெளியே வந்தபோது கோவிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் இருந்தாள்.

"எங்க போற?"

"டேசனுக்கு. நடந்தத சொல்லிட்டு வாரேன்."

"வேல போயிரும் சாலோமி. அதோட போகாது. பொய் சொன்னேன்னு என்னையும் உள்ள வச்சிருவாங்க."

"அவரு கைய ஒடிச்சிட்டாவன்னா?" என்றாள். "நீங்களே வந்து சொல்லுதியளா? நான் இருக்கேன்."

அவள் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்ததாக அவனுக்குப் பட்டது. பிறகு, சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

அவன் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். கூப்பிட வேண்டும் என்றுதான் ஓடினான். ஆனால் இருபது அடி தள்ளியே நடந்துகொண்டிருந்தான். அவளும் திரும்பவில்லை. எதிரே வந்த ஆபீஸ் பியூன் அவனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, முன்னால் போகிறவளைப் பார்த்தான். மார்க்கெட்டுக்கு அப்பால் சிவப்புக் கட்டடம் தெரிந்தது. வாசலில் தலையை முழங்காலில் புதைத்து உட்கார்ந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். சாலோமி குனிந்து அவள் தோளைத் தொட்டுவிட்டுப் படியேறினாள். உள்ளேயிருந்த சேவகன் எழுந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள், முதுகு நிமிர்ந்து. இன்ஸ்பெக்டர் மைக்கூட்டைத் திறப்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. பாக்கியசீலன் நடுரோட்டில் நின்றான். விரிக்காத குடை கையில் இருக்க, மழை அவன் தலையிலும் தோளிலும் இறங்கிக்கொண்டிருந்தது.