என் பேரில் நாலு கார்டு

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பிரேக் மேடம்'. பழக வந்தவர் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேர்த்து வழிவார். பக்கத்து இருக்கையில் இவள், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்தபடி, "பஸ் உங்களைப் பார்த்துப் பயப்படாது, நீங்கதான் பார்த்துப் போகணும்" என்பாள் சாவகாசமாக.

வீட்டில் கடைக்குட்டி என்பதால் சின்னவள். ஆனால் மாதச் சம்பளம் என்று ஒன்று வங்கிக் கணக்கில் ஏறுவது அவளுக்கு மட்டும்தான். அண்ணன் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். அக்கா வீட்டுக்காரர் விழாக்களுக்கு மைக்செட் வாடகைக்கு விடுபவர். வரும் காசு கையோடு வந்து கையோடு போய்விடும். எந்த வங்கியும் அவர்களை நம்பி ஒரு கார்டு கொடுக்கவில்லை. அதனால் குடும்பத்துக்கே சேர்த்து சின்னவள் பேரில் நாலு கிரெடிட் கார்டு. அவள் பையில் இருந்தது ஒன்று, அவள் முதன்முதலில் வாங்கியது. ஒன்று அண்ணனிடம். மற்ற இரண்டும் அத்தானிடம்.

வகுப்பு நடுவில் போன் அடிக்கும்.

"ஓடிபி வந்திருக்கும் பாரு, சொல்லு."

"அண்ணா, ரவுண்டானாவுல சுத்திக்கிட்டிருக்கோம்."

"சுத்தட்டும், நம்பரைச் சொல்லு."

ஒன்று சொல்ல வேண்டும், பணத்தை அவர்கள் தவறாமல் கட்டினார்கள். கார்டு கம்பெனியும் குளிர்ந்துபோய் அடிக்கடி போன் போட்டு லிமிட்டை உயர்த்தட்டுமா என்று கேட்கும். "சும்மா கொடுக்கறான், வேண்டாம்னு சொல்லுவாங்களா?" என்பார் அத்தான். இவளும் சரி என்று விடுவாள்.

பள்ளி முதலாளி கட்டணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். சொந்தமாக ஒரு கார், அதன் தலையில் சொந்தப் பலகை என்று அவளுக்கு ஆசை வந்தது. ஏற்கெனவே ஓடிய பழைய கார் ஒன்றைப் பார்த்தும் வைத்தாள். ஒரு வங்கியில் கடன் கேட்டாள். இல்லை என்றார்கள். "ஊர்ல இவன் ஒருத்தன்தான் வங்கி வச்சிருக்கானா?" என்றான் அண்ணன். இன்னும் இரண்டு இடத்தில் கேட்டாள். அங்கேயும் கையை விரித்தார்கள்.

நாலாவது வங்கியில் கடன் பிரிவு அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். "உட்காருங்க, ஏன் கிடைக்கலைன்னு சொல்றேன்" என்று கம்ப்யூட்டர் திரையை இவள் பக்கம் திருப்பினார்.

"தவணை தவறினதே இல்லை, நல்லது. ஆனா நாலு கார்டோட லிமிட்டையும் கூட்டினா உங்க வருஷச் சம்பளத்தைத் தாண்டுது. நாளைக்கே மொத்தத்தையும் நீங்க செலவழிச்சிட்டா, எங்க தவணையை எதை வச்சுக் கட்டுவீங்கன்னு நாங்க யோசிப்போம். அதுல ரெண்டு கார்டு மாசாமாசம் லிமிட்டைத் தொட்டுட்டு வருது. பார்க்கறவங்களுக்கு, கடன் இல்லாம வண்டி ஓடாத ஆள்னு தோணும். போதாததுக்கு அடுத்தடுத்து மூணு இடத்துல கேட்டிருக்கீங்க. ஒவ்வொண்ணும் இங்கே பதிவாகி உங்க கிரெடிட் ஸ்கோரைக் கொஞ்சம் இறக்கியிருக்கு."

"அந்தச் செலவு எதுவும் என்னோடது இல்லைங்க."

"பேர் உங்களோடதாச்சே" என்றார் அந்தப் பெண், மெதுவாகத்தான்.

சின்னவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கிளம்பும்போது அவர் கூப்பிட்டுச் சொன்னார்: "பழைய கார்டை மட்டும் மூடிடாதீங்க. இத்தனை வருஷம் ஒழுங்கா கட்டினதுக்கு அதுதான் சாட்சி. மத்ததைக் குறைங்க. கொஞ்ச நாள் எங்கேயும் கேட்காம இருந்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவள் நின்றபடியே கையை நீட்டினாள்.

"கார்டுகளைக் கொடுங்க."

அண்ணன் சிரித்தான். "என்ன, திடீர் ரெய்டா?"

"விளையாடலை. எடுங்க."

"ஒரு பைசா பாக்கி வச்சோமா உனக்கு?"

"பாக்கி வைக்கலைண்ணா. என் பேரை அடகு வச்சீங்க. எனக்குன்னு கேட்கப் போனா அது காலியா இருக்கு."

அம்மா குறுக்கே வந்தாள். "கூடப் பிறந்தவங்ககிட்ட கணக்குப் பார்க்கறியாடி?"

"நான் எங்கம்மா பார்த்தேன்? வங்கிக்காரங்க பார்த்துட்டு என்னை உட்கார வச்சுச் சொன்னாங்க."

எல்லோர் எதிரிலும் கம்பெனிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் விட்டாள். அத்தானின் கார்டுகளில் ஒன்று பயன்படுத்தாமலே கிடந்தது. அதை அங்கேயே மூடச் சொன்னாள். மறுமுனையில் பேசிய பெண், "மேடம், மூட வேண்டாம், உங்களுக்காக லிமிட்டை இரட்டிப்பாக்கித் தர்றோம்" என்று தேனொழுகச் சொன்னாள்.

"அம்மா தாயே, நீங்க கொடுத்துக் கொடுத்துத்தான் எனக்கு எவனும் கொடுக்கமாட்டேங்கறான். மூடுங்க!"

அண்ணனிடமும் அத்தானிடமும் புழக்கத்தில் இருந்த மற்ற இரண்டையும் முடக்கச் சொன்னாள். பாக்கி தீர்ந்ததும் அவையும் மூடப்படும். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அத்தான் மட்டும் அசையவில்லை. "சரி, மைக்செட்டுக்கு உன் கார்டுல ஸ்பீக்கர் வாங்கின பாக்கியை நான் கட்டலைன்னா என்ன பண்ணுவே?"

சின்னவளின் குரல் இறங்கவில்லை.

"கட்டாதீங்க அத்தான். நான் கட்டறேன். கார் தள்ளிப்போகும், அவ்வளவுதானே? ஆனா நீங்க அடுத்து மைக்செட் போடற மேடையில ஏறி, இந்தச் சத்தம் யார் காசுல வருதுன்னு உங்க மைக்லயே சொல்லிட்டு இறங்குவேன்."

அதுவரை வாயைத் திறக்காத அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. புருஷன் முறைத்தும் நிற்கவில்லை. "அவ செஞ்சிடுவா. கட்டிடுங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கட்டினார். முனகிக்கொண்டேதான், ஆனால் கட்டினார். அண்ணனும் தன் பங்கை அம்மா கையில் கொடுத்து அனுப்பினான். பேச்சு மட்டும் இல்லை. சின்னவள் வலியப் போய்ச் சமாதானம் பேசவும் இல்லை. பழைய கார்டைக் கொஞ்சமாகப் பயன்படுத்தி, அந்தந்த மாதமே அடைத்து, எந்த வங்கிப் படியும் ஏறாமல் பொறுத்திருந்தாள். மழைக்காலம் வந்து போனபின் அதே அதிகாரியிடம் போனாள். கேட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. கார் வந்தது. கதவில் ஒரு நசுங்கல். அதை நிமிர்த்தக் காசில்லை.

முதல் ஆளாகப் பழக வந்தவள் அக்கா. கட்டணத்தை முன்கூட்டியே நீட்டினாள். சின்னவளும் வேண்டாம் என்று நடிக்காமல் வாங்கிக்கொண்டாள்.

அக்கா வண்டியை எடுத்து நேரே புருஷன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டாள். அத்தான் வெளியே வந்து, "உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. மறுபடி சாவியைத் திருகினாள். "இதுல ஹாரன் எங்கடி இருக்கு?" என்றாள் தங்கையிடம்.

சின்னவள் காட்டினாள். அக்கா அதை அழுத்திப் பிடித்தபடி வண்டியை நகர்த்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது.